ஒட்டு விட்டால் பேர் கெடும்
பின்னாளில் நைக்கி ஆன நிறுவனத்துக்காக 1964இல் பில் நைட்டும் அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பௌவர்மேனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஜப்பான் சப்பாத்து விற்கத் தொடங்கிய கதை அருமை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சொந்தமாகச் சப்பாத்து செய்ய நினைக்கும் பிள்ளைகளே, முதலில் அடியின் ஒட்டைக் கவனியுங்கள். ரப்பர் அடியில், அதை வார்த்த அச்சின் எண்ணெய் படிந்திருக்கும். உப்புத்தாளால் சுரண்டி, துடைத்து, பசை பிடிக்க உதவும் பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகே பசை. மழைநாளில் பசைமேல் ஈரம் பூத்தால் விரல் பக்கம் சீக்கிரமே வாய் பிளக்கும். நடு அடிக்கு ஈவிஏ என்ற இலேசான நுரைப்பொருள் போதும். பாலியூரிதேன் என்ற மற்றொரு நுரைப்பொருள் நம் புழுக்கத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் பெட்டிக்குள்ளேயே பொடியும், வாங்கிக் குவிக்காதீர்கள். பால்மரம் வெட்டுவோர் போடும் ‘கம்போங் அடிடாஸ்’ என்று பட்டப்பெயர் கொண்ட சப்பாத்து ஒரே வார்ப்பு ரப்பர், அதில் ஒட்டுப் பிரச்சினையே இல்லை. செம்மண் சரிவில் அது எப்படிப் பிடிக்கிறது! ஒரு ஜோடி வாங்கி அடியை அறுத்துப் பாருங்கள்.