முப்பது வருடமாக ஒரு சொல்லைத் தவிர்க்கும் நாடு

எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு கொம்பினி இருக்கிறது. இரவு பகல் திறந்திருக்கும் கடையை இங்கே டோக்கியோவில் அப்படித்தான் சொல்வார்கள். இரவு பத்து மணிக்கு மேல் கல்லாவில் ஒரு நேபாளப் பையனோ வியட்நாம் பெண்ணோதான் நிற்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அவர்களிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசாமல் வர மாட்டார். அதே பாட்டி 2025 ஜூலையில், நாடாளுமன்ற மேலவைத் தேர்தல் நேரத்தில், "வெளிநாட்டுக்காரர்கள் ரொம்ப அதிகமாகிவிட்டார்கள், பயமாக இருக்கிறது" என்றார். என்னிடமே சொன்னார். எனக்கு வலித்தது.

அந்தத் தேர்தலில் 'ஜப்பானியரே முதலில்' என்று முழங்கிய சன்செய்தோ கட்சி 14 இடங்களில் வென்றது. உடனே ஜப்பானியர்கள் எல்லாம் இனவெறியர்கள் என்று நம்மவர்கள் சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டியின் பயம் உண்மையானது. ஆனால் அதற்குக் காரணம் அந்த நேபாளப் பையன் இல்லை. உண்மையைச் சொல்லாமலே இத்தனை காலம் ஓட்டிய அரசுதான்.

1993-இல் 'தொழில்நுட்பப் பயிற்சி' என்ற பெயரில் ஆட்களை வரவழைத்தார்கள். வந்தவர்கள் வயலிலும் மீன் பதப்படுத்தும் ஆலையிலும் கட்டடத்திலும் உழைத்தார்கள். 2018-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான புதிய விசாவுக்குச் சட்டம் கொண்டுவந்தபோதும், இது குடியேற்றக் கொள்கை இல்லை என்று அப்போதைய பிரதமர் அபே நாடாளுமன்றத்தில் சொன்னார். 'இமின்', அதாவது குடியேறி, என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார்கள். 2024 முடிவில் இங்கே வசித்த வெளிநாட்டவர் சுமார் 37 லட்சத்து 69 ஆயிரம் பேர். அதே வருடம் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. ஆள் வேண்டும், ஆனால் ஆள் வருகிறது என்று மக்களிடம் சொல்ல மாட்டோம் என்றால், அந்த இடத்தை வதந்திதானே நிரப்பும்?

நிரப்பவும் செய்தது. 2025 ஆகஸ்டில் நான்கு ஜப்பானிய ஊர்களை ஆப்பிரிக்க நாடுகளோடு இணைக்கும் ஒரு நட்புத் திட்டத்தை, வெளிநாடுகளுக்கு உதவும் ஜப்பான் அரசு அமைப்பான ஜைக்கா அறிவித்தது. குடியேற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊரையே ஆப்பிரிக்கர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கிளம்பிய புரளியில் நகராட்சிகளின் தொலைபேசிகள் ஓயவில்லை. அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார்கள். வெளிநாட்டவரால் குற்றம் பெருகிவிட்டது என்பதும் இதே ரகம்தான். குற்றவழக்குகளில் கைதாகும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 2005 வாக்கில் இருந்த உச்சத்தைவிட இன்று குறைவு. இடையில் வசிப்பவர்களோ கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டார்கள்.

அகதிகள் விஷயம் இன்னும் மோசம். 2023-இல் விண்ணப்பித்தவர்கள் 13,823 பேர், அகதி என்று ஏற்கப்பட்டவர்கள் 303 பேர். உக்ரைனிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஜப்பான் மனதாரத்தான் வரவேற்றது. ஆனால் அவர்களுக்கும் 'நன்மின்' (அகதி) என்ற சொல் கிடைக்கவில்லை, 'ஹினன்மின்' (இடம்பெயர்ந்தவர்) என்றார்கள். டோக்கியோவை ஒட்டிய சைத்தாமா மாகாணத்தின் கவாகுச்சி பக்கம் சுமார் இரண்டாயிரம் குர்துகள் இருக்கிறார்கள். பலர் கட்டடம் இடிக்கும் வேலை பார்க்கிறவர்கள். துருக்கியிலிருந்து வந்த குர்து ஒருவர் முதன்முதலாக அகதியாக ஏற்கப்பட்டதே 2022-இல்தான், அதுவும் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. மற்ற பலர் 'கரிஹோமென்' என்ற, குடிவரவுத் தடுப்புக் காவலிலிருந்து கிடைக்கும் தற்காலிக விடுவிப்பில் காலம் தள்ளுகிறார்கள். வேலை செய்யக்கூடாது, மருத்துவக் காப்பீடு கிடையாது, அனுமதி இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டக்கூடாது. இங்கேயே வளர்ந்து ஜப்பானிய மொழி பேசும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

விஷ்மா சந்தமாலியை நான் மறக்கவே மாட்டேன். இலங்கைப் பெண், 33 வயது. ஆங்கிலம் கற்பிக்க ஆசைப்பட்டு, ஜப்பானிய மொழி படிக்க வந்தவர். துணைவர் அடிக்கிறார் என்று காவல்துறையிடம் போனவரை, விசா முடிந்துவிட்டது என்று நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்தில் அடைத்தார்கள். உடல் இளைத்து, எழ முடியாமல் கிடந்து, 2021 மார்ச் 6 அன்று, காவலில் இருந்த நிலையிலேயே இறந்துபோனார். அப்போது தெருவில் இறங்கியவர்கள் யார் தெரியுமா? ஜப்பானிய மாணவர்கள், வழக்கறிஞர்கள், சாதாரண மக்கள். நாடுகடத்தலை எளிதாக்கும் மசோதாவை அந்த மே மாதம் அரசு கைவிட வேண்டியதாயிற்று. அதனால்தான் இந்த மக்கள்மேல் எனக்கு நம்பிக்கை போகவில்லை. ஆனால் ஏறக்குறைய அதே மசோதா 2023 ஜூனில் சட்டமானது. மூன்றாவது முறை அகதி மனு போடுகிறவரை, மனு நிலுவையில் இருக்கும்போதே இனி திருப்பி அனுப்பலாம்.

2027-இல் அந்தப் பழைய 'பயிற்சி' திட்டம் போய்ப் புதிய ஒன்று வருகிறது. அதிலும் வருகிறவர் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. இந்த முறையாவது அரசு அந்தச் சொல்லைச் சொல்லட்டும். இவர்கள் குடியேறிகள், இவர்கள் இல்லாமல் உங்கள் முதியோர் இல்லமும் கொம்பினியும் நடக்காது என்று பாட்டியிடம் நேராகச் சொல்லட்டும்.