டுடுக் என்றால் அழுகை மட்டும்தானா?

அர்மீனியக் குழல் வாத்தியமான டுடுக்கின் இசையை யாராவது பகிர்ந்தால் கீழே வரும் கருத்துகளில் பாதி "மனசு கனத்துப் போச்சு", "கண்ணு கலங்கிடுச்சு" என்றுதான் இருக்கும். நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன். ஹாலிவுட் படங்களில் பாலைவனத்தையோ போர் முடிந்த களத்தையோ காட்டும்போது ஒரு குழல் இழையுமே, பல சமயம் அது டுடுக்தான். அர்மீனிய இசையறிஞர் கோமிதாஸைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், அர்மீனியர்களின் இசை முழுவதையும் துக்க வீட்டு வாசலில் உட்கார வைத்தே கேட்டிருக்கிறோம் என்று உறைத்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோமிதாஸ் 1869-ல் ஓட்டோமான் ஆட்சியில் இருந்த, இன்றைய துருக்கியின் குத்தாஹியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தார். நல்ல குரல் இருந்ததால் 1881-ல் அர்மீனியத் திருச்சபையின் தலைமைப் பீடமான எச்மியாட்சினுக்குக் கூட்டிப் போனார்கள். தலைமை குரு அர்மீனிய மொழியில் பேச்சுக் கொடுக்க, பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் வளர்ந்தது துருக்கி மொழியில். "எனக்கு அர்மீனியம் தெரியாது, வேண்டுமானால் பாடுகிறேன்" என்று சொல்லி, பொருள் தெரியாத ஒரு ஷரகானை அப்படியே பாடினானாம். ஷரகான் என்பது அவர்களுடைய வழிபாட்டுப் பாசுரம். நம் தேவாரத்துக்குப் பண் போல, அதற்கு எட்டு இசைமுறைகள் உண்டு.

அந்தப் பையன்தான் பின்னாளில் துறவியாகி, 1896 முதல் 1899 வரை பெர்லினில் இசை படித்து, திரும்பி வந்து ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான நாட்டுப்பாடல்களைக் காதால் கேட்டு எழுதி வைத்தவர். உழவுப் பாட்டு, கல்யாணப் பாட்டு, தாலாட்டு, ஆட்டப் பாட்டு எல்லாம் அதில் உண்டு. அர்மீனியாவின் லோரி பகுதியில் வர்தப்லூர் என்ற கிராமத்து உழவுப் பாட்டு ஒன்றுக்கு மட்டும் தனி ஆய்வே எழுதியிருக்கிறார். மாட்டை அதட்டும் குரலும் "ஹோ" என்ற கூவலும் ஏர் இழுப்பின் நடையும் பாட்டின் மெட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று அத்தனை பொறுமையாகப் பார்த்திருக்கிறார். ஏர் ஓட்டுகிறவன் பாடிய பாட்டு அது. துக்கம் அல்ல, வேலை.

1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஓட்டோமான் அரசால் கைது செய்யப்பட்ட அர்மீனிய அறிஞர்களில் அவரும் ஒருவர். உயிரோடு திரும்பினார், ஆனால் மனம் உடைந்து போனது. 1919-ல் பாரிஸுக்குக் கொண்டு போனார்கள். 1935-ல் அங்கே ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். எழுதி வைத்ததில் நிறைய தொலைந்து போனது. அந்தக் கைதுகளோடு தொடங்கிய அர்மீனிய இன அழிப்பில் பாட்டு தெரிந்த தொண்டைகளே இல்லாமல் போன ஊர்களுக்கு, மிஞ்சிய தாள்தான் சாட்சி.

அந்தத் தாளில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கிராமத்து ஆட்டங்களை கோமிதாஸ் பியானோவுக்கு எழுதினார். ஐரோப்பிய மேடைக்குக் கொண்டு போக அன்று இருந்த வழி அது. ஆனால் எழுதும்போதே இது தார் மாதிரி, இது தப் மாதிரி என்று ஊர் வாத்தியங்களின் பெயரையும் குறித்து வைத்தார். தார் என்பது நரம்பு வாத்தியம். தப், பெயரிலும் உருவத்திலும் நம் ஊர்த் தப்புக்குப் பக்கத்தில் நிற்கும் தோல் வாத்தியம்.

இசைக்கலைஞர் லெவோன் எஸ்கேனியன் 2008-ல் அர்மீனியத் தலைநகர் யெரெவானில் குர்ஜீஃப் குழுவைத் தொடங்கினார். ஆன்மிக ஆசிரியர் குர்ஜீஃப் சொல்லச் சொல்ல அவருடைய சீடரான இசையமைப்பாளர் தாமஸ் டி ஹார்ட்மன் பியானோவுக்கு எழுதிய இசையை முதலில் மரபு வாத்தியங்களுக்கு மாற்றினார்கள். அப்புறம் கோமிதாஸ், அந்தப் பதிவு 2015-ல் வந்தது. பியானோவில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப விழும்போது எனக்கு அது ஏன் என்று விளங்கியதே இல்லை. தாரில் மீட்டுக்கோல் நரம்பின் மேல் படபடக்கும்போது, அட, இதைத்தான் பியானோ சொல்லப் பார்த்திருக்கிறது என்று தெரிந்தது. டுடுக், வில்லால் இழைக்கும் கமாஞ்சா, பல நரம்புகளை மீட்டும் கானூன், இடையர்கள் ஊதும் ப்ளூல் எல்லாம் சேரும்போது கால் தானாகத் தாளம் போடுகிறது.

டுடுக்கையே எடுத்துக்கொள்வோம். ஆப்ரிகாட் மரத்தில் கடைந்த குழல். வாயில் வைக்கும் பகுதி நாணலால் ஆனது. நம் நாதஸ்வரச் சீவாளி போல இரட்டை நாக்கு, ஆனால் அதைவிட நல்ல பெரியது. ஊதுகிறவர் அதை ஈரப்படுத்தி, விரியட்டும் என்று காத்திருந்து, மேலே சுற்றியிருக்கும் வளையத்தை ஏற்றி இறக்கி வாய்ப்பிளவைச் சரிசெய்வார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மூச்சு அறாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதற்கு 'தாம்' என்று பெயர். நம் மேளத்தில் ஒத்து ஊதியவர் செய்த அதே வேலை. நான் சிறுவனாக இருந்தபோது ஊர்த் திருவிழாவில் ஒத்து ஊதும் பெரியவரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் சுருதிப் பெட்டி இருக்கிறது. டுடுக்குக்குக் கீழே சின்தசைசரை மெத்தை போல விரித்து வரும் பதிவுகளைக் கேட்கும்போது அதே வருத்தம்தான் வருகிறது. அந்த இரண்டாவது ஆளின் மூச்சு போய்விட்டால், மேலே இருப்பது வெறும் ஏக்கமாகிவிடுகிறது.

ஷரகானை வாத்தியத்தில் வாசிப்பது பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அர்மீனிய வழிபாட்டு இசை அடிப்படையில் வாய்ப்பாட்டு. சிறுமணிகள் கோத்த வட்டத் தகட்டை நீண்ட கோலில் செருகி அசைப்பார்கள், க்ஷோத்ஸ் என்று பெயர். அது மாதிரி ஓசைகள் உண்டு, டுடுக் கிடையாது. 'காஸ்' என்ற பழைய சுரக்குறிகளை முழுதாகப் படிக்கும் வழியும் மறந்து போயிற்று. கோமிதாஸ் பல வருஷம் அதோடு போராடினார். அதனால் "ஆதி இசையை அப்படியே மீட்டுவிட்டோம்" என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஆனாலும் சொல் எங்கே மூச்சு வாங்குமோ அங்கே குழலும் மூச்சு வாங்கினால், அந்த வாசிப்பு எனக்குச் சம்மதம். சோவியத் காலத்திலேயே அர்மீனியப் பாடகி லுசினே ஸகாரியன் இந்தப் பாசுரங்களை எப்படிப் பாடினார் என்று கேட்டுவிட்டு வாசிக்கிறவர்களுக்கு அது கைகூடும்.

சென்னை பாரிமுனையில், தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று பெயர் திரிந்துபோன அர்மீனியன் தெருவில், 1772-ல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் அர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-ல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை அந்த வளாகத்திலேயே உண்டு. நான் போன அன்று அங்கே யாரும் இல்லை. ஒரு காலத்தில் ஷரகான் பாடிய இடம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கேட்க நினைப்பவர்கள் கோமிதாஸின் 'யெராங்கி' ஆட்டத்தை முதலில் பியானோவில் கேளுங்கள். மறுநாள் அதையே குர்ஜீஃப் குழு வாசித்ததைக் கேளுங்கள். உங்களுக்கு என்ன கேட்டது என்று கீழே எழுதுங்கள்.