ஆறு தட்டு, ஒரு பஞ்சாயத்து

ஞாயித்துக்கிழமை ராத்திரிலேர்ந்து நடக்குறது உங்க எல்லாருக்கும் தெரியும். இந்த வருஷம் வாங்கினதுல எனக்குப் புடிச்ச ஆறு பழைய இசைத்தட்டுன்னு ஒரு பதிவு போட்டேன். அண்ணன் வந்து கீழ எழுதினாரு. எழுதினதோட விட்டாரா, அதையே படம் புடிச்சு அவர் பக்கத்துல தனியாப் போட்டு, முந்நூறு பேர் ஷேர் பண்ணியாச்சு. "நெல்லு களத்துல முளைச்சுக் கெடக்கு, இவரு பாட்டுத் தட்டு வாங்கிப் பட்டியல் போடுறாரு." நல்ல வரி. வேற யாரையாச்சும் சொல்லியிருந்தா நானே லைக் போட்டிருப்பேன்.

கோவம்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். டெல்டாக்காரன் பாட்டுக் கேக்கக் கூடாதா?

அண்ணனுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். எனக்கு ஆறு மா நெலம். பாக்கி நேரம் பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டுறேன். கொள்முதல் நிலையத்து வாசல்ல பதினேழு சதவீத ஈரப்பதத்துக்காக நெல்லக் காயப்போட்டு, மழை இருட்டுனா தார்ப்பாய இழுத்து மூடி, அந்தக் குவியல் பக்கத்துலயே கொசுக்கடியில நாலு ராத்திரி படுத்தவன் நான். அந்த நாலு ராத்திரியும் காதுல போன வெச்சுக்கிட்டு நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராகம்தான் கேட்டேன். அது தப்பா? அழுதுக்கிட்டே படுத்திருந்தா ஈரப்பதம் கொறைஞ்சிருக்குமா?

"அதான் போன்லயே கேட்டியே, அப்புறம் எதுக்குத் தட்டு?" இது அடுத்த கேள்வி. வரும்னு தெரியும். நானும் போன்ல கேக்குறவன்தான், அதுக்கு எதிரி இல்ல. ஆனா இணையத்துல ஏத்தியிருக்குற சில பதிவுல வேகம் மாறி சுருதி ஏறிக் கெடக்கு. பாரி நாயனம்ங்குற நீள நாதஸ்வரம், திமிரிங்குற குட்டை நாதஸ்வரம் மாதிரி கத்துது. திமிரியோட உச்ச சுருதிய எறக்கி, நீளமான பாரி நாயனத்தக் கொண்டாந்தவரே ராஜரத்தினம் பிள்ளைதான். அதச் செஞ்சு குடுத்தது பக்கத்துல இருக்குற நரசிங்கம்பேட்டை. 2022-ல புவிசார் குறியீடு குடுத்தப்ப இதே அண்ணன்தான் "நம்ம ஊர் பெருமை"ன்னு ஸ்டேட்டஸ் வெச்சாரு. பெருமைய ஸ்டேட்டஸா வெச்சா நல்லவன். காசு குடுத்து வாங்கிக் கேட்டா வெட்டிப்பய.

அந்தத் தோடித் தட்டு வாங்கின கதையச் சொல்லணும். கும்பகோணத்துல ஒரு பழைய சாமான் கடை. அம்மிக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவுல ஒரு தகரப்பொட்டி, அதுல இருவது தட்டு. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டு, அதான் 78 தட்டு, அரக்குல பண்ணது, கீழ விழுந்தா ஓடு மாதிரி ஒடையும். நடு ஓட்டைல விரல விட்டுத் தொங்கவிட்டு, இன்னொரு விரலால ஓரத்துல மெதுவா சுண்டணும். நல்ல தட்டுன்னா "ணங்"னு நீளமா ஒலிக்கும். மயிர்க்கோடு விரிசல் இருந்தாக்கூட "டொக்"னு செத்த சத்தம். பதினேழு "டொக்"குக்கு அப்புறம் இது "ணங்"குனுச்சு. என் மூஞ்சியப் பாத்துட்டாரு கடைக்காரரு. ஐநூறு சொல்ல இருந்தவர் மூவாயிரம்னாரு. தப்பு என் மூஞ்சி மேல.

கடைப்பையன் பளபளன்னு ஆக்கித் தர்றேன்னு ஸ்பிரிட்ட எடுத்துக்கிட்டு வந்தான். அப்படியே கையப் புடிச்சுட்டேன். பின்னாடி வந்த பிளாஸ்டிக் எல்பி தட்ட ஸ்பிரிட்டுல தொடைக்கலாம், அரக்குத் தட்டுல ஸ்பிரிட்டு பட்டா அரக்கே கரைஞ்சு வழிஞ்சுரும். ராஜரத்தினம் பிள்ளை 1956-ல போயிட்டாரு. மறுபடியும் ஒருதடவ பஞ்சுல தொடைச்சு அனுப்பப் பாத்தான் அந்தத் தம்பி.

வீட்டுக்கு வந்து 78-க்குன்னு இருக்குற அகலமான ஊசியப் போட்டேன். எல்பி ஊசியப் போட்டா அது பள்ளத்தோட அடிக்குப் போயி அழுக்கத்தான் படிக்கும். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். கோயில் பொறப்பாட்டுல விடிய விடிய வாசிச்ச மனுசன் அந்த மூணு நிமிஷத்துக்குள்ள தோடிய மடிச்சு வெச்சிருக்காரு. பக்கம் முடியிறப்ப அவரு முடிக்கல, தட்டுதான் முடியுது. திருப்பிப் போட எந்திரிக்கிறோம் பாருங்க, அந்த நேரத்துல மனசு ராகத்தோட அடுத்த சஞ்சாரத்த அதுவாவே பாடிப் பாக்கும். போன்ல இது நடக்காது.

"இதெல்லாம் பண்ணையார் வீட்டுப் பொழுதுபோக்கு"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரு. தம்பி, லிஸ்ட்டப் படிச்சீங்களா? நாதஸ்வரம் எந்தப் பண்ணையார் வீட்டு முத்தத்துல பொறந்துச்சு? நாகூர்ல வாங்கின நாகூர் ஹனிபா ஈபி, அதான் சின்னத் தட்டு, ஐநூறு ரூவா. அந்தக் குரல் தர்காவுலயும் ஒலிச்சுது, கட்சி மேடையிலயும் ஒலிச்சுது, எங்க தெருப் பிள்ளையார் கோயில் விசேஷத்துலயும் ஒலிச்சுது. மாயவரத்துல பொறந்த தியாகராஜ பாகவதரோட 78 ஒண்ணு, ஓரத்துல சில்லு பேந்தது, ஆயிரத்து எரநூறு. இதுல யாரு பண்ணையாரு?

அஞ்சாயிரம் குடுத்தது இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' எல்பிக்கு. 1986-ல வந்தது. டெல்டாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னா, பண்ணைபுரத்துக்காரர் அதத் திருவாரூர்ல பொறந்த தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கை ஆக்கியிருக்காரு. விலை அதிகம்தான், ஒத்துக்கிறேன். வீட்டுல ரெண்டாயிரம்னு சொல்லியிருந்தேன். அண்ணன் புண்ணியத்துல அதுவும் தெரிஞ்சுபோச்சு.

"உங்கள மாதிரி ஆளுங்கதான் விலைய ஏத்தி விட்டீங்க." உண்மைதான். அடுத்தது.

"வாங்கி வாங்கி வீட்ட அடைக்கிறியே." இதுக்குப் பதில் வேதாரண்யம் பக்கம் இருக்கு. 2018 நவம்பர் 16, கஜா புயல். சவுண்ட் சர்வீஸ் வெச்சிருந்த பெரியவர் வீட்டுத் தகரக் கூரை காத்துல போயிருச்சு. மூணு நாள் ஈரத்துல கெடந்த பொட்டிகளத் தொறந்தா அட்டையெல்லாம் கூழு. தட்டு அப்படியே இருந்துச்சாம், எது எந்தப் படம்னு சொல்ற மூஞ்சிதான் இல்ல. இந்த வருஷம் அவர் மகன்கிட்டேர்ந்து சீர்காழி கோவிந்தராஜன் ஈபி வாங்கினேன். மொதப் பக்கம் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. மைக் செட் கட்டுனா மொதல்ல அதுதானே. சேறு கோடு கோடா பள்ளத்துல காஞ்சு இருந்துச்சு. வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, பழைய பிரஷ், ஒரு மணி நேரம். முந்நூறு ரூவா சொன்னாரு. பேரம் பேசல.

ஆறும் சேர்த்து பதினொண்ணாயிரத்து நானூறு. போன மாசம் ஒருத்தர் மகளுக்கு மஞ்சள் நீராட்டுக்கு வாசல்லேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் பிளக்ஸ் வெச்சாரு. அங்க போயி யாரும் நெல்லு முளைச்ச கதையப் பேசல. புது பைக்குக்கு மாலை போட்டு படம் போட்டா "வாழ்த்துகள் மாப்ள"ங்குறீங்க. பழைய தட்டுன்னாத்தான் எல்லாருக்கும் விவசாயி ஞாபகம் வருது. விவசாயி கேக்குறதுதான்யா அந்தத் தட்டு!

சரி, எழுத வேணாம்னு இருந்தேன், எழுதிடுறேன். இந்தப் பேச்சு எனக்குப் புதுசு இல்ல. எங்க அப்பா ரேடியோ செட் வெச்சிருந்தாரு. ரெண்டு குழாய் ஸ்பீக்கரு, ஒரு ஆம்ப்ளிஃபயரு, நாலு மரப்பொட்டி தட்டு. கேசட் வந்ததும் தொழில் படுத்துருச்சு. "இந்தத் தட்ட வெச்சு சோறு பொங்க முடியுமா"ன்னு எங்க பெரியப்பா தெனம் வாசல்ல ஒக்காந்து கேப்பாரு. ஒரு நாள் இரும்பு வியாபாரி வண்டி வந்துச்சு. எடை போட்டுத்தான் எடுத்தான். அப்பா கொல்லைப்பக்கம் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே இருந்தாரு. ஏற்கனவே குடிச்சு முடிச்ச மாட்டுக்கு.

அவரு ஒவ்வொரு தட்டு லேபிள்லயும் ஊதா மையில ரப்பர் ஸ்டாம்பு குத்தி, பக்கத்துல வெள்ளைப் பெயிண்டுல நம்பர் போட்டிருப்பாரு. எந்தக் கடைக்குப் போனாலும் நான் மொதல்ல பாட்டப் பாக்குறதில்ல, லேபிளத்தான் பாக்குறேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட சிக்கல.

அண்ணே, உங்க கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டுனது எங்க அப்பா. 1982. தென்னமரத்துல குழாய் கட்டுறப்ப கீழ நின்னு வயர் புடிச்ச பொடியன் நான்தான். வாடகைல பாக்கி நாப்பது ரூவா இன்னும் வரல. அத நான் இப்பக் கேக்கல, சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி பந்தி முடிஞ்சதும் திருவிளையாடல் கதை வசனம் ஓடுச்சு. தருமி வர்ற பக்கம் முடிஞ்சதும் மாப்பிள்ளை கோலத்தோடயே எந்திரிச்சு வந்து "இன்னொருதடவ போடுங்கண்ணே"ன்னு எங்க அப்பாகிட்ட கேட்டது யாருண்ணே? அந்த வருஷமும் களத்துல நெல்லு நனைஞ்சுதான் கெடந்துச்சு.

லிஸ்ட்ல ஆறாவது அந்தத் தட்டுதான். ஆயிரத்து நானூறு. அப்பாவோடது இல்ல, வேற யாரோடதோ. தருமி வர்ற பக்கம் மட்டும் தேஞ்சு வெளுத்துக் கெடக்கு. அந்த ஊர்லயும் ஒரு மாப்பிள்ளை இருந்திருக்கான்.

சனிக்கிழமை சாயந்தரம் கரண்ட் இருந்தா போடுறேன். வாங்க. ஷேர் பண்ண முந்நூறு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துடாதீங்க, திண்ணைல இடம் பத்தாது.