கேஷ் என்பது ஒரு பெட்டி

"ஆங்கிலத்தின் கேஷ் நம்முடைய காசிலிருந்து போன சொல்" என்று எழுதிய படம் காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. பகிர்கிறவர்களின் தமிழ்ப் பற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி தவறாக இருப்பதோடு, அதைவிட அருமையான ஒரு விஷயத்தை மறைத்தும் விடுகிறது. பேரேடும் உண்டியலுமாகத் தலைமுறைகள் வாழ்ந்த ஊர்க்காரர்கள் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற பெயர்ச்சொல் ஒன்றல்ல, இரண்டு. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, பிறந்த இடம்தான் வேறு.

நாம் தினமும் சொல்கிற கேஷ், 'பெட்டி' என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் வந்தது. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. இத்தாலியில் காஸ்ஸா, பிரெஞ்சில் கெஸ் என்று வழங்கி, 1590-களில் ஆங்கிலத்தில் 'பணப்பெட்டி' என்ற பொருளோடு புழங்கத் தொடங்கியது. பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் அதே பெயர் ஆனது. 18-ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் உதிர்ந்து பணம் மட்டும் நின்றது. ஆங்கிலத்தில்தான் உதிர்ந்ததே தவிர, பிரான்சில் கடையில் பணம் கட்டும் இடத்துக்கு இன்றும் கெஸ் என்றுதான் பெயர். சூட்கேஸில் இருக்கும் கேஸும் கேப்ஸ்யூல் மாத்திரையும் இதே காப்ஸா வழி வந்த பங்காளிகள். கோர்ட் கேஸ் அந்த வகையறா அல்ல, அது 'விழுதல், நேர்தல்' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது.

இன்னொரு கேஷ்தான் நம்முடையது. நம் கரையில் இறங்கிய போர்ச்சுக்கீசியர் 'காசு' என்பதைக் காதில் வாங்கி, தங்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டிக்கு இருந்த 'கைஷா' என்ற சொல்லின் எழுத்திலேயே எழுதிவைத்தார்கள். இரண்டும் ஒன்றாய்த் தெரியத் தொடங்கிய இடம் அதுதான். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்து, கீழை நாடுகளின் சின்னச் செப்புக்காசுக்கெல்லாம் கேஷ் என்று பெயர் வைத்தார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோர்த்து வைக்கும் சீனக் காசுக்கும் இன்றுவரை ஆங்கிலத்தில் கேஷ் என்றே பெயர். சீனத்து நாணயம் உலகம் முழுக்கத் தமிழ்ப் பெயரோடு சேகரிப்பாளர் கையில் இருக்கிறது. பகிரத் தகுந்த பெருமை இது, ஆனால் அந்தப் படத்தில் இதைக் காணோம்.

காசு என்ற சொல் நம்மிடம் நடந்த தூரத்தையும் பாருங்கள். குறுந்தொகை 67-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு கிளியைக் காட்டுகிறார். அதன் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழம். புது நூலில் கோர்ப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்த பொற்காசு போல அது இருக்கிறதாம். நம் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் காசுமாலையைக் கோர்க்கிற கை அப்படியே அதில் தெரிகிறது. அங்கே காசு என்றால் பொன். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு வைத்தபோதும் இந்தச் சொல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்திருக்கிறது. (சிலப்பதிகாரத்தில் 'காசறு விரையே' என்று வரும் காசு வேறு. அதற்குக் குற்றம் என்று பொருள்.) சோழர் காலத்திலும் காசு பொன்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் காசைக் கடனாக வாங்கிய ஊர்ச்சபைகள் ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி) கட்ட வேண்டும் என்று வருகிறது. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம்.

பொன்னாக இருந்த அந்தக் காசு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் சென்னைக் கணக்கில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. 80 காசு ஒரு பணம் (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அப்படியானால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. ரூபாய்க்கு 12 பணம் என்ற கணக்கில் 960 காசு. 1818-இல் சென்னை மாகாணத்தில் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான் வாய்ப்பாடு. இந்தக் காசுகளை இங்கிலாந்தில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1808-ஆம் ஆண்டு பொறித்த 10 காசு, 20 காசு செம்பு நாணயங்களை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்துக் குட்வின் மணல்திட்டில் உடைந்து மூழ்கியது. 1980-களில் அள்ளி எடுத்த அந்த நாணயங்கள்தான் இன்றும் ஏலத்தில் விலைபோகின்றன.

நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் அம்மன் காசைக் கடைசிவரை விடவில்லை. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அணாவுக்கு 20, ரூபாய்க்கு 320. நம் வட்டாரத்து வீடுகளில் பழைய டப்பாவைக் கவிழ்த்தால் இன்றும் ஒன்றிரண்டு விழும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்படலம் போய் எழுத்து மழுங்கிவிடும், சேகரிப்பாளர் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார். வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

இனி பெட்டிக்கு வருகிறேன். எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். ஐரோப்பாவில் பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆனது போலவே, நம் செட்டிநாட்டுக் கொடுக்கல் வாங்கலிலும் எல்லாம் பெட்டியைச் சுற்றியே நடந்தது. ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கிய சொல் அல்ல இது, தொழில் ஒன்றாக இருந்ததால் எண்ணமும் ஒன்றாக அமைந்தது. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளில் (பல செட்டியார்கள் ஒரே கூரையின் கீழ் தொழில் நடத்திய கூடங்கள்) ஒரு மார்க்காவின், அதாவது ஒரு வட்டிக்கடையின், ஆபீஸ் என்றால் ஒரு சாய்வுப் பெட்டியும் அதைச் சுற்றிய நாலு முழத் தரையும்தான். மேலே ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன். பதவிக்கே பெட்டியின் பெயர். ஆங்கிலக் கேஷியரும் சொல்லளவில் பெட்டியடி ஆள்தான்.

பழைய ஆங்கிலப் பத்திரங்களைப் படிக்கிறவர்கள் ஓரிடத்தில் கவனம் வைக்க வேண்டும். ஓர் அதிகாரி 'கேஷியர்டு' ஆனார் என்றிருந்தால் அவரைப் பணப்பொறுப்பில் வைத்தார்கள் என்று பொருளல்ல, வேலையை விட்டு நீக்கினார்கள் என்று பொருள். 'உடைத்தல்' என்னும் பிரெஞ்சுச் சொல் டச்சு வழியாக வந்தது அது. மூன்றாவது கேஷ் என்றே வைத்துக்கொள்ளலாம். நாலாவதாக முந்திரியையும் இழுத்து வருகிறார்கள். 'காசுக்கு எட்டு' என்று கூவி விற்றதால் கேஷ்யூ ஆனதாம். அப்படியல்ல. முந்திரி பிரேசில் மரம், அங்கே துப்பி மொழிக்காரர் வைத்த பெயர் போர்ச்சுக்கீசியத்தில் 'கஜு' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. ஒரு சொல்லின் கதை நம்பத் தகுந்ததா என்று பார்க்க மூன்று கேள்வி போதும். அந்தச் சொல் முதலில் எழுத்தில் வந்த ஆண்டு எது? அந்த ஆண்டில் இரு மொழிக்காரர்களும் சந்தித்திருந்தார்களா? அப்போது அதன் பொருள் என்ன? கேஷ் 1590-களில் 'பெட்டி' என்ற பொருளில் வந்தது என்று தெரிந்த அன்றே படத்தின் கதை முடிந்துவிடுகிறது. கொடுத்த கணக்கை மட்டும் எழுதி வாங்கிய கணக்கை விடுவதும் நமக்குப் பழக்கமில்லை. 'துட்டு' டச்சுக்காரர்களின் 'டாய்ட்' நாணயம். 'ரொக்கம்' இந்தியின் 'ரோக்கட்'டுக்கு உறவு.

கேஷ் என்றால் பெட்டி என்று நினைவில் வைத்தால் கணக்கில் பாதிக் குழப்பம் தீரும். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் முதலில் கேட்பது: "பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் ஏன் பற்று? தாத்தா குறிப்பில் வரவு என்றல்லவா எழுதியிருக்கிறார்?" இரண்டும் சரி. தாத்தா எழுதியது கொடுத்தவர் பெயரில், அவர் கொடுத்தார், அவர் கணக்கில் வரவு. புத்தகம் எழுதுவது பெட்டியின் பெயரில், பெட்டி வாங்கிக்கொண்டது, வாங்கியவர் பற்று. பெட்டியை ஓர் ஆளாக நினைத்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பெட்டியில் பூச்சியத்துக்குக் கீழே பணம் இருக்க முடியாது. ரொக்க ஏட்டில் ஏதாவது ஒரு நாள் இருப்பு மைனஸ் காட்டினால் அது நஷ்டமல்ல, பிழை. பெரும்பாலும் வரவு ஒன்றை எழுதாமல் விட்டிருப்பீர்கள், அல்லது சொந்தப் பணத்தைப் போட்டதைப் பதியாமல் செலவை மட்டும் பதிந்திருப்பீர்கள். வரி அதிகாரி முதலில் தேடுவதும் இந்த மைனஸைத்தான்.

இரவு எண்ணும்போது நோட்டுவாரியாக எழுதி எண்ணுங்கள். வித்தியாசம் வந்தால் உடனே ஏட்டைப் புரட்டாமல் அந்தத் தொகையை முதலில் பாருங்கள். 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கலாம்: 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வகுபடவில்லை என்றால் பாதியாக்கித் தேடுங்கள். 1,300 குறைந்தால் 650 ரூபாய் ஒன்றைப் பக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், இப்போதைக்கு அதிகம் நடக்கிற பிழை, ஜிபேயில் வந்ததை ரொக்கப் பத்தியில் எழுதியதுதான். பேங்கிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்ட பணத்தை வருமானமாக எழுதுவது அதற்கு அடுத்தது. அது எதிர்ப்பதிவு: பேங்க் பத்தியில் குறையும், ரொக்கப் பத்தியில் கூடும், வருமானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வருமான வரிச் சட்டமும் பெட்டிப் பொருளில்தான் பேசுகிறது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழில் செலவைக் கழிக்க விடமாட்டார்கள், லாரி வாடகைக்கு மட்டும் 35,000 வரை. நிறுவனக் கணக்கு எழுதுவதற்கான கணக்கியல் தரநிலை 3 வேறு மாதிரி பார்க்கிறது: கையிருப்போடு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய பேங்க் இருப்பும் கேஷ்தான். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முதிர்கிற முதலீடு கேஷுக்குச் சமம். இரண்டு ஆவணத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். பேங்க் கடனுக்கு ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) கொடுக்கிறவர்கள் இதைக் கலந்து எழுதித்தான் கேள்விக்கு ஆளாகிறார்கள்.

இப்போது சொல் பெட்டியை விட்டு வெகுதூரம் போய்விட்டது. கேஷ்பேக் என்று வருவதில் பெரும்பகுதி கூப்பனும் புள்ளியும்தான். கேஷ் ஆன் டெலிவரி என்று வந்தவர் கியூஆர் அட்டையை நீட்டுகிறார். இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. எனக்குக் கவலை 'கேஷ்லெஸ்' சிகிச்சை என்ற சொல்தான். காசே வேண்டாம் என்று நம்பி வெறும் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள், காப்பீட்டுக் கம்பெனி ஒப்புக்கொண்ட தொகையை அது நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் என்பதுதான். ஒப்புக்கொள்ளாதது உங்கள் பெட்டியிலிருந்து போக வேண்டும்.

அறை வாடகைக்கு வரம்பு வைத்த பாலிசி என்றால் இன்னும் கவனம் வேண்டும். வரம்பு நாளுக்கு 5,000, நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை என்றால், 3,000 மட்டும்தான் நம் தலையில் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. மருந்து, பொருத்தும் கருவி, பரிசோதனை தவிர்த்து டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் முதலானவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். அவை ஒரு லட்சம் வந்தால் கம்பெனி தருவது 62,500. கையுறை போன்றவற்றுக்குத் தனிச் சேர்க்கை (ஆட்-ஆன்) எடுக்காவிட்டால் அதுவும் நம் செலவு.

ஆகவே ஆஸ்பத்திரியில் சேரும் முன் பாலிசியில் அறை வாடகை வரம்பு, இணைச்செலவு (கோ-பே, பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) சதவீதம் என்ற இரண்டு வரியையும் படித்துவிட்டு, வரம்புக்கு உட்பட்ட அறையைக் கேளுங்கள். முன் ஒப்புதலை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீட்டுக்கு அனுப்பும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் சொல்லியிருக்கிறது. தாமதமானால் அதைச் சொல்லிக் கேட்கலாம். ஒப்புதல் தாள் கைக்கு வந்ததும் 'அனுமதிக்கப்பட்டது' என்ற வார்த்தையோடு நிறுத்திவிடாமல், எத்தனை ரூபாய்க்கு என்ற வரியையும் பாருங்கள். முதல் நாள் வருவது பெரும்பாலும் ஒரு பகுதிதான்.