உள்ளே ஒரு ஆள் நிற்க வேண்டும்

மூன்று வாரமாக என் மேஜை மேல் ஒரு காட்ஸில்லா பொம்மை நிற்கிறது, ஜப்பானியப் படங்களில் நகரத்தை மிதித்து நொறுக்கும் அந்த ராட்சத மிருகம்தான். 1954 படத்தில் வந்த முதல் காட்ஸில்லா, 16 செ.மீ. உயரம். அதை ஃபோட்டோ எடுத்துப் போட்டதும் நாலு பேர் இன்பாக்ஸில் வந்து கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை ஜாயின்ட்?"

எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணவும் போவதில்லை. ஒவ்வொரு ஜாயின்ட்டும் உடம்பில் விழும் ஒரு வெட்டு. வெட்டு விழுந்த இடத்தில் தோலின் வரிகள் அறுந்துபோகும், திருப்பினால் இடைவெளி தெரியும், இடைவெளிக்குள் வேறு நிறத்தில் ஒரு முளை பல்லிளிக்கும். சூப்பர் ஹீரோ ஃபிகர் என்றால் பரவாயில்லை, அவன் குட்டிக்கரணம் போடுகிறவன். காட்ஸில்லா எதற்கு முட்டி போட வேண்டும்?

நான் பார்ப்பது வேறு ஒரு கணக்கு. படத்தில் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். நகரத்தை 25-இல் ஒரு பங்காகக் கட்டி, அதற்கு ஏற்றபடி ஏறக்குறைய 2 மீட்டர் உயர ரப்பர் உடைக்குள் ஆளை இறக்கி எடுத்தார்கள். அந்த உடையை 16 செ.மீ. ஆகச் சுருக்கினால் 12 மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதே கணக்கில் உள்ளே நின்ற மனிதரும் 13, 14 செ.மீ. ஆகிவிடுவார். ஆக, பெட்டியைப் பிரித்ததும் நான் செய்யும் முதல் சோதனை இதுதான்: இந்தப் பொம்மைக்குள் அந்தக் குட்டி மனிதர் நிற்க முடியுமா? அவருடைய முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் பொம்மையின் முழங்கால் மடிகிறதா? அவர் கண் காட்ஸில்லாவின் கழுத்தில் வர வேண்டும். உடைக்குள் இருந்தவர்கள் கழுத்தில் போட்ட ஓட்டைகள் வழியாகத்தான் வெளியே பார்த்தார்கள். கழுத்து ஒல்லியாக, பாம்பு மாதிரி நீண்டிருந்தால் சிற்பி உடையைப் பார்க்கவில்லை, ஏதோ டைனோசர் படத்தைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

உடைக்குள் நின்று நடித்த ஹருவோ நகாஜிமாவுக்காகச் செய்த முதல் உடை கல் மாதிரி விறைத்து, சுமார் 100 கிலோ கனத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடக்கவே முடியாமல், கடைசியில் இரண்டாக வெட்டி, கால் மட்டும் தெரியும் காட்சிகளுக்குக் கீழ்ப்பாதியைப் பயன்படுத்தினார்கள். இரண்டாவது உடையும் ஒன்றும் பஞ்சு மூட்டை இல்லை. காட்ஸில்லாவின் அந்தத் தேய்த்து வைக்கும் நடை பாதி அந்தக் கனத்தில் பிறந்தது. மீதியைப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் இயக்குநர் எய்ஜி ட்சுபுராயா, திரையில் மெதுவாகத் தெரியும்படி கேமராவை வேகமாக ஓட்டி எடுத்துச் சேர்த்தார். கால் 90 டிகிரிக்கு மேலே தூக்கும் ஃபிகரை 'சூப்பர்' என்று ஒரு வீடியோவில் பாராட்டும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நகாஜிமாவால் தூக்க முடியாத காலை இது தூக்கி என்ன ஆகப்போகிறது?

வால் மட்டும் விதிவிலக்கு. படத்தில் அதைக் கம்பி கட்டி மேலிருந்து ஆட்டினார்கள். அதனால் வாலில் கண்டம் கண்டமாக எத்தனை ஜாயின்ட் வைத்தாலும் எனக்குச் சம்மதம். என் பொம்மையில் வால் அருமை. நுனிவரை வளைகிறது, வரிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அடிவால் ஜாயின்ட் மட்டும் லொடலொட. தரையில் ஊன்றி நிறுத்தினால் தெரியாது, தூக்கி வைத்தால் அஞ்சு நிமிஷத்தில் மெல்ல இறங்கிவிடும். முளையில் கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்து நன்றாகக் காயவிட்டால் சரியாகும்.

விரலை எண்ணுங்கள். 1954 உடையில் காலுக்கு நான்கு விரல். 1962 உடையில் மூன்றாகிவிட்டது, காதும் போய்விட்டது. 1954 என்று பெட்டியில் போட்டுவிட்டு மூன்று விரலும் மொழுக்கென்ற காதில்லாத தலையும் இருந்தால் அப்படியே மூடி வைத்துவிடலாம். நிறமும் அப்படித்தான். படம் கறுப்பு வெள்ளை, உடையோ கரிச் சாம்பல். பச்சை அடித்திருந்தால் அது யாரோ ஒருவருடைய கற்பனைப் பல்லி.

தோல்தான் எனக்கு முக்கியம். அணுகுண்டில் தப்பியவர்களின் உடம்பில் இருந்த தழும்புகளை மனதில் வைத்து அந்தத் தோலை அமைத்தார்கள் என்று சொல்வார்கள். மீன் செதில் மாதிரி வரிசையாக அடுக்கினால் அந்த வலி போய்விடும். ஒழுங்கில்லாமல், உருகி இறுகியது போல இருக்க வேண்டும். என்னுடையதில் மார்பும் தொடையும் அப்படியே வந்திருக்கின்றன. கையின் உள்பக்கம் திருப்பினால் அச்சு இணைந்த கோடு மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை ஓடுகிறது, அந்த இரண்டு மில்லிமீட்டருக்குத் தோலே இல்லை. ஈறின் சிவப்பு மூன்று பல்லின் மேல் வழிந்திருக்கிறது. விளம்பரப் படத்தில் ஒவ்வொரு பல்லும் முத்து மாதிரி இருந்தது. விளம்பரத்துக்குப் பெரும்பாலும் கையால் பெயிண்ட் அடித்த மாதிரியைத்தான் படம் பிடிப்பார்கள், கைக்கு வருவது ஆயிரத்தில் ஒன்று. தெரிந்தும் ஏமாறுகிறேன்.

இன்னொரு விஷயம், மூன்று வாரத்தில் சொல்ல முடியாதது. வெளித்தோல் பிவிசி என்கிற பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வருடக்கணக்கில் மெல்ல வெளியே கசியும், பொம்மை கையில் பிசுபிசுக்கும். பெட்டிக்குள்ளேயே காற்றுப் புகாமல் பூட்டி வைத்தால் இன்னும் மோசம். சூட்டில் கணுக்கால் தளர்ந்து முன்பக்கம் சாயவும் சாயும். இதற்கு முன் வாங்கிய ஒன்று ஜன்னலோர அலமாரியில் நின்று நின்று, கும்பிடு போடுகிற காட்ஸில்லாவாகிவிட்டது. வெந்நீரில் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, பச்சைத் தண்ணீரில் காட்டினேன். இரண்டு மாதம் நின்றது. பழையபடி கும்பிடு.

இந்த விஷயத்தில் பழைய சாஃப்ட் வினைல் பொம்மைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளே வெறும் கூடு, தோள், இடுப்பு, வால் என்று நாலைந்து இடத்தில் மட்டும் திரும்பும். முகமும் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் ஊன்றி நிற்கும்.

2016 ஷின் காட்ஸில்லாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அது முழுக்கக் கம்ப்யூட்டரில் பிறந்தது, உயரம் 118.5 மீட்டர். ஆனால் அதன் அசைவுக்குக்கூட, கியோகென் என்கிற ஜப்பானியப் பாரம்பரிய நகைச்சுவை நாடகத்தின் நடிகர் மன்சாய் நொமுராவின் உடம்பைத்தான் பதிவு செய்தார்கள்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம். வாங்குவதற்கு முன், அதை யாராவது பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். முன்பக்கத்தில் எல்லாமே கம்பீரம்தான். பக்கவாட்டில்தான் வயிறு, முதுகின் கூன், முழங்கால் இருக்கும் இடம், உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியும். என்னுடையதில் இருக்கிறார். கொஞ்சம் களைத்த மாதிரிகூடத் தெரிகிறார்.