பத்திரமாகத் திரும்பியதெல்லாம் சரியான முடிவா?
'பல வருடம் உறைந்த அருவிகளில் ஏறியவருக்கு ஆபத்து தானாகவே புலப்படும்' என்று பனியேற்றம் பற்றிய இந்தக் கட்டுரையை எழுதியவர் சொல்லியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஏறியவர் பத்திரமாக இறங்கி வந்தார் என்பதற்காக அவர் எடுத்த முடிவு சரி என்றாகிவிடாது. அன்றைக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கலாம். பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கேமன் சுட்டிய, நம்மைத் தவறாக முடிவெடுக்க வைக்கும் மனப் பொறிகளில் ஒன்றே 'இது நமக்குப் பழகிய இடம்' என்ற நினைப்புதான். குளிர் கூடக்கூடப் பனிக்கட்டி உறுதியாகும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கடுங்குளிரில் அது எளிதில் நொறுங்கும். ஏறுகிறவர் கொத்தும் பனிக்கோடரியின் முனை பட்டதும் தட்டுத் தட்டாகப் பெயரும். வெப்பநிலை சட்டென்று இறங்கினால் தொங்கும் பனித்தூண் சுருங்கி இறுகி, ஒரே அடியில் முறியவும் கூடும். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், 'மதுரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனியைப் பற்றி என்ன பேச்சு' என்கிறார். பேசலாம் சார். நான் ஒத்தக்கடைக்காரன், யானைமலையைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் பெரியப்பா மேலூர்ப் பக்கம் கல் உடைத்தவர். ஆப்பு இறக்கும் முன் சுத்தியலால் அங்கங்கே தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். கணீரென்றால் வேலை நடக்கும். பொதக்கென்றால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது, கீழே ஆள் நிற்கக் கூடாது. மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நேற்று தட்டிய இடத்தையே இன்றைக்கும் தட்டுவார். பனியில் ஏறுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: பொள்ளல் சத்தம் வந்தால் பின்னால் காற்றோ தண்ணீரோ இருக்கிறது. பனியில் ஏற இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிக்குக் கிளம்பும் நம்மூர்ப் பிள்ளைகள் வழிகாட்டியிடம் எத்தனை சிகரம் தொட்டீர்கள் என்று கேட்பதைவிட, கடைசியாக எப்போது, என்ன பார்த்துவிட்டுப் பாதியில் திரும்பினீர்கள் என்று கேட்கட்டும்.