அடி முடியும் இடத்தில்தான் மூச்சா?

பாவோதல் எண்டது செய்யுளைப் பொருள் விளங்க வாய்விட்டுச் சொல்லிறது. "பாவோதலில் அடி முடியிற இடத்தில மட்டும்தான் நிறுத்தவேணும்" எண்டு எழுதின தம்பிக்கு: அது அரைவாசிதான் சரி. முதற் குறளையே எடுங்கோ. முதலடி "ஆதி"யோட முடியுது. அங்க மூச்சு விட்டால் "ஆதி பகவன்" இரண்டாப் பிளந்துபோகும். "எழுத்தெல்லாம்" எண்ட இடத்தில சற்று நிண்டு, "ஆதி பகவன் முதற்றே உலகு" எண்டதை ஒரே மூச்சில எடுத்தால்தான் கேக்கிறவருக்குக் கருத்து விளங்கும். "கற்க கசடற" குறளுக்கு நீங்கள் சொன்னது பொருந்தும், அதை மறுக்கேல்லை.

எங்கட திருகோணமலைப் பிள்ளையளுக்கு இன்னும் கிட்டின உதாரணம் சம்பந்தரின்ர கோணமாமலைத் தேவாரப் பதிகம். அச்சில "நிரைகழ லரவஞ்" எண்டு சீர் சீராப் (அடியின்ர சிறு துண்டுகளாப்) பிரிஞ்சு கிடக்கும். அப்பிடியே வெட்டி வாசிச்சால் கழலே காணாமல் போயிடும். "நிரைகழல் அரவம்" எண்டு பொருள் தெரிஞ்சு சேர்த்துச் சொல்லவேணும். (கழல் காலில போடுற அணி, அரவம் இங்க ஓசை. பாம்பெண்டு நினைச்சுக் குரலை நடுக்கின பிள்ளையையும் கேட்டிருக்கிறன்!) பாடுறதெண்டால் கதை வேற, அதுக்குப் புறநீர்மை எண்ட பண் (தேவார இராகம்) இருக்கு.

போட்டிக்கு முதல் பாட்டைப் பதம் பிரிச்சு எழுதி, நிறுத்திற இடங்களில பென்சிலால கோடு போட்டுக் குடுங்கோ. அடிக்கணக்குப் பிறகு பாக்கலாம்.